சேர்ந்து சாப்பிட அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் திருப்பூர். கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை, வீடு வர இரவு பத்தாகிவிடும். பத்தாவது படிக்கும் மகன் டியூஷன் முடிந்து வந்ததும் தட்டையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான். மூன்றாவது படிக்கும் மகளுக்கு டி.வி. ஓடினால்தான் சோறு இறங்கும். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? கணவர் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. எட்டு வயதுக் குழந்தையைப் பத்து மணி வரை உட்கார வைத்தால் அதற்குள் மிக்சரும் பிஸ்கெட்டும் வயிற்றை நிரப்பிவிடும், தூக்கமும் கெடும்.

பலன் உண்டு. 17 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2011-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. சுமார் 1,82,000 பிள்ளைகளின் விவரம் அதில் உண்டு. வாரம் மூன்று வேளையாவது வீட்டாருடன் சாப்பிட்டவர்களிடம் அதிக எடைக்கான வாய்ப்பு 12 சதவீதமும், எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது போன்ற கோளாறுகள் 35 சதவீதமும் குறைவு. சத்தான உணவு சாப்பிடும் வாய்ப்பு 24 சதவீதம் அதிகம். ஆனால் சேர்ந்து சாப்பிட முடிகிற வீடுகளில் பெரும்பாலும் வசதியும் நிம்மதியும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் முழுப் பலனையும் சாப்பாட்டின் கணக்கில் எழுத மாட்டேன்.

மூன்று வேளை என்பதைக் கவனியுங்கள். அது இரவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஞாயிறு மதியமும் ஏதாவது இரண்டு நாள் காலை டிபனும் அப்பாவோடு இருக்கட்டும். மற்ற இரவுகளில் பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால் போதும்.

அந்தப் பெரியவர் நீங்கள்தான். யார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று எழுதிய நீங்கள், உங்கள் சாப்பாடு எப்போது என்று எழுதவே இல்லை! பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றபடி சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தோசையாகச் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் உட்காரவே முடியாது. சேர்ந்து சாப்பிடும் நாளில் இட்லி, சப்பாத்தி, கலந்த சாதம் என்று ஏதாவது செய்து ஹாட்பாக்ஸில் போட்டு நடுவில் வையுங்கள். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் பாகற்காய் சாப்பிடுவதைப் பலமுறை பார்த்த பிறகுதான் மகள் ஒரு துண்டை வாயில் வைப்பாள். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு; எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவள் வயிற்றிடம் விட்டுவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. டி.வி.யை நிறுத்துங்கள். செல்போன்கள், உங்களுடையதும் சேர்த்து, வேறு அறையில் இருக்கட்டும்.

மகன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். "டெஸ்ட்ல எவ்வளவு?" என்று மட்டும் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள், மறுநாளே அறைக்குள் போய்விடுவான். கிரிக்கெட், பக்கத்துத் தெரு நாய் என்று எதையாவது பேசுங்கள். பேசாமல் சாப்பிட்டாலும் பரவாயில்லை, எதிரே உட்கார்ந்திருந்தால் அவன் முகவாட்டமாவது கண்ணில் படும்.

ஒருவேளை அவன் சாப்பாட்டையே தவிர்க்கிறான், எடை குறைகிறது, சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்த் தாழிட்டுக்கொள்கிறான், நண்பர்களிடமும் பேசுவதில்லை என்றால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.