முட்டையை அறியும், குஞ்சை அறியாது

வணக்கம் சார்,

ஐரோப்பியக் குயிலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், நாணல் கதிர்க்குருவி தன் முட்டைகளுக்கு நடுவே கிடக்கும் வேற்று முட்டையைக் கண்டுபிடித்து வெளியே எறிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு விவரமான பறவை, தன்னைவிடப் பல மடங்கு பெருத்து, கூடு கொள்ளாமல் பிதுங்கிக்கொண்டிருக்கும் குயில் குஞ்சுக்கு மட்டும் ஏன் ஓடி ஓடி இரை ஊட்டுகிறது? குயில் முழுப் பூசணிக்காயை அல்லவா சோற்றில் மறைக்கிறது! காக்கையும் இப்படித்தான் ஏமாறுகிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பறவையியலாளர்களையும் வெகுகாலம் உறுத்திய கேள்விதான் இது. ‘பறவைக்கு அறிவு அவ்வளவுதான்’ என்று முடித்துவிடலாம். ஆனால் முட்டை விஷயத்தில் அதே பறவை எவ்வளவு நுட்பமாக நடந்துகொள்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1980களில் நிக் டேவிஸ், மைக்கேல் புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் விக்கன் ஃபென் சதுப்பு நிலத்தில், வண்ணம் பூசிய பொய் முட்டைகளைக் கதிர்க்குருவிக் கூடுகளில் வைத்துப் பார்த்தார்கள். நிறம் வேறுபட்ட முட்டைகளைக் குருவிகள் பெரும்பாலும் ஒதுக்கின. தம் முட்டையைப் போலவே இருந்தவற்றைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. ஆனால் பாடம் செய்த குயில் ஒன்றைக் கூட்டருகே வைத்துக் காட்டிய பிறகு, தம்முடையதைப் போலவே இருந்த முட்டைகளையும் கூடுதலாக ஒதுக்கத் தொடங்கின. அதாவது திருடனைக் கண்டால்தான் சந்தேகம் வலுக்கிறது. எப்போதும் சந்தேகப்படுவது ஆபத்து, ஏனென்றால் தவறிப்போய்ச் சொந்த முட்டையையே எறிந்துவிட நேரும். குயில் பத்தே நொடியில், ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு தன்னுடையதை இட்டுவிட்டுப் பறப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? கண்ணில் பட்டால் காரியம் கெடும்.

சரி, குஞ்சுக்கு வருவோம். குயில் முட்டை பெரும்பாலும் முந்திப் பொரிந்துவிடும். கண் திறக்காத, ஒரு இறகுகூட முளைக்காத அந்தக் குஞ்சு, ஓரிரு நாளுக்குள் கூட்டின் அடியில் குனிந்து, ஒரு முட்டையைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறது. அதற்கென்றே முதுகில் ஒரு குழிவு உண்டு. காலைக் கூட்டின் சுவரில் ஊன்றி, பின்னோக்கி ஏறி, விளிம்புக்கு வந்ததும் ஒரே உந்து. அப்புறம் அடுத்த முட்டை. இதை 1788இல் விரிவாக எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். ஆமாம், பிற்பாடு அம்மைத் தடுப்பூசிக்காகப் பெயர் பெற்ற அதே ஜென்னர்தான். சில நாளில் அந்தக் குழிவு நிரம்பிவிடுவதையும் அவர் கவனித்திருக்கிறார். தாய்ப்பறவை பக்கத்தில் இருந்தாலும் இதைத் தடுப்பதில்லை.

உங்கள் கேள்விக்கான விடை இந்தக் கொலையிலேயே இருக்கிறது என்பது ஆர்னான் லோட்டெம் என்ற ஆய்வாளர் 1993இல் முன்வைத்த வாதம். கதிர்க்குருவி வகைகள் தம் முட்டை எப்படியிருக்கும் என்பதை முதல் ஈட்டில், அதாவது முதன்முறை முட்டையிடும்போது, பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அந்தக் கூட்டில் குயில் முட்டை இருந்தாலும், கூடவே சொந்த முட்டைகளும் இருக்கும். கற்பது முழுக்கத் தப்பாகாது. குஞ்சையும் இதே முறையில் கற்க முயன்றால்? முதல் ஈட்டிலேயே குயில் புகுந்துவிட்டால் கூட்டில் மிஞ்சுவது குயில் குஞ்சு மட்டும்தான். ‘என் பிள்ளை இப்படித்தான் இருக்கும்’ என்று அந்தப் பறவை மனதில் பதித்துக்கொண்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பொரியும் தன் குஞ்சுகளை எல்லாம் அந்நியம் என்று தள்ளிவிடும். கற்காத பறவைக்கு ஒரு ஈடு போகும். தப்பாகக் கற்ற பறவைக்கு வாழ்நாளே போகும். ஏமாளித்தனம் என்று நாம் நினைப்பது, இரண்டு நஷ்டங்களில் சின்னது. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நீல ‘ஃபேரி ரென்’ குருவி அப்படியே தலைகீழ். அதன் கூடு மூடிய உருண்டை, உள்ளே இருட்டு. குயில் முட்டையை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. குஞ்சைத்தான் சந்தேகப்படுகிறது. வெண்கலக் குயில் இனம் ஒன்றின் குஞ்சுகளில் பத்துக்கு நான்கைக் கைவிட்டு வேறு கூடு கட்டப் போய்விடுவதை 2003இல் நவோமி லாங்மோரும் சகாக்களும் காட்டினார்கள். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு தனியாக இருப்பது அதற்கு ஒரு தடயம். மற்றவற்றைக் கொன்றதே குயில் குஞ்சைக் காட்டிக்கொடுக்கிறது! ஒற்றையாக நிற்கும் சொந்தக் குஞ்சும் சில நேரம் இதில் பலியாவதுண்டு. அங்கே இனப்பெருக்கக் காலம் நீளமானது என்பதால் மறுபடி முயல அவகாசம் இருக்கிறது.

குயில்களும் சும்மா இல்லை. வெண்கலக் குயில் இனங்களின் குஞ்சுகள், தாம் வளரும் கூட்டுக் குஞ்சுகளின் தோல் நிறத்தையும் தூவியையும் ஒத்திருக்கின்றன: ஒன்றுக்குக் கருந்தோல், இன்னொன்றுக்கு மஞ்சள் தோல். ஐரோப்பியக் குயில் குஞ்சுக்கு அந்தச் சிரமமே இல்லை; அது கூட்டில் இருக்கும் ஒரே குஞ்சாக இருந்தாலும் ஒரு கூட்டம் குஞ்சுகள் கத்துவதுபோல் விடாமல் கத்தி இரை கேட்கிறது.

காக்கையைக் கேட்டிருந்தீர்கள். கருங்குயிலின் குஞ்சு பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. எல்லாம் சேர்ந்தே வளர்கின்றன. அதனால் லோட்டெமின் வாதம் அங்கே அப்படியே பொருந்தாது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. என் ஊகம், காக்கைக்கு நஷ்டம் அவ்வளவு பெரிதில்லை. இரையில் ஒரு பங்கு போகிறது, ஓரிரு குஞ்சு மெலிகிறது, மீதி பிழைக்கிறது. அதற்காகத் தன் குஞ்சையே எறிந்துவிடும் ஆபத்தை ஏற்பது காக்கைக்குக் கட்டுப்படியாகாது.