கேளுங்கள், சொல்கிறோம்: ராக்கெட்டில் போகும் எக்ஸ் கதிர் கருவிகள்

கேள்வி: வானமெங்கும் எக்ஸ் கதிர் மெல்லிசாகப் பரவியிருக்கிறதாமே, பக்கத்திலுள்ள காவலூர் தொலைநோக்கியில் பார்க்க முடியாதா?
– வாசகர், ஆலங்காயம்

பதில்: முடியாது. ஜவ்வாது மலையில் காவலூர் இருப்பது சுமார் 725 மீட்டரில். எக்ஸ் கதிருக்கு அதெல்லாம் ஒரு உயரமே இல்லை; மேலேயுள்ள காற்றே அதை விழுங்கிவிடும். ஐதராபாத்திலிருந்து விடும் பலூன்கள் 40 கி.மீ. வரை ஏறுகின்றன; அங்கேயும் ஏறத்தாழ 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (கி.எ.வோ., கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்ட, ஆற்றல் மிகுந்த வன்கதிர்தான் எட்டும். 0.25 கி.எ.வோ. போன்ற ஆற்றல் குறைந்த மென்கதிருக்கு 150 கி.மீ. தாண்டியாக வேண்டும். இந்தப் பரவல் ஒளி முதலில் தெரிந்ததே 1962 ஜூனில், இயற்பியலர் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவின் ஏரோபீ ராக்கெட்டில்தான். அவர்கள் தேடிப் போனதென்னவோ நிலவிலிருந்து வரும் எக்ஸ் கதிரை!

கேள்வி: செயற்கைக்கோள்கள் இருக்க, ஐந்து நிமிட ராக்கெட் எதற்கு?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: 250 கி.மீ. உச்சம் தொடும் ராக்கெட் 160 கி.மீ.க்கு மேலே இருப்பது சுமார் 280 நொடி. குறைவுதான். ஆனால் செயற்கைக்கோளின் ஆடித் தொலைநோக்கி வானத்தில் சின்னத் துண்டைத்தான் பார்க்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக, நாசா கோடார்டு மையக் குழுவினர் 1999-இல் அனுப்பிய மைக்ரோகலோரிமீட்டர், ஆடியே இல்லாமல் 1 ஸ்டெரேடியன் வானத்தை, அதாவது முழு வானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பை, ஒரே நேரத்தில் பார்த்தது. 0.06 கெல்வின் குளிரில் 36 உணரிகள். ஒரு கதிர்த்துகள் விழுந்தால் ஏறும் சூட்டை அளக்கும். பயன்பட்டது நூறு நொடித் தரவுதான். அதிலேயே ஆக்சிஜன் கோடுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன.

கேள்வி: வாயு எண்ணி வகைக் கருவியில் எது அடிக்கடி கெடும்?
– இயற்பியல் ஆசிரியர், ராணிப்பேட்டை

பதில்: வாயு நிரப்பிய பெட்டிக்குள் கதிர் நுழைந்தால் எழும் மின்துடிப்பைப் பெருக்கி எண்ணுவதுதான் வாயு எண்ணி. அதில் அடிக்கடி கெடுவது, கதிர் நுழையும் ஜன்னல்தான். மென்கதிர் நுழைய வேண்டுமென்பதால் அது ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். கிழியாமலிருக்க உலோக வலை தாங்கும். அந்தப் படலமே வடிகட்டியும்கூட: பிளாஸ்டிக்கிலுள்ள கார்பன் 0.284 கி.எ.வோ.க்குச் சற்று மேலுள்ள கதிரை விழுங்கி, அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிடும்.

உள்ளே 90% ஆர்கான், 10% மீத்தேன். தரையில் வெளிக்காற்று எதிரழுத்தம் தரும். மேலே போனதும் உள்ளிருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் முழுதும் படலத்தின் தலையில்தான். ஊசித்துளை இருந்தால் வாயு கசியும், அடர்த்தி குறைந்தால், அதே மின்னழுத்தத்தில் மின்துடிப்பின் பெருக்கம் கூடும், 0.25 கி.எ.வோ. கதிர் அதைவிடப் பெரிய ஆற்றல் கதிராகப் பதிவாகும். அதனால்தான் அழுத்தத்தை ரெகுலேட்டர் வைத்துக் காப்பார்கள். இரும்பு-55 என்ற கதிரியக்க மூலத்தின் 5.9 கி.எ.வோ. கோட்டை வைத்து அளவுகோலைச் சரிபார்ப்பார்கள்.

உயர் மின்னழுத்த இணைப்புகளையும் விட்டுவிடக் கூடாது. முழு வெற்றிடத்தைவிட அரைகுறை வெற்றிடமே ஆபத்து, பொறி பாயும். அந்த உயரங்களைக் கடந்தபின்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்புகளைப் பிசினில் பொதிந்துவிட வேண்டும். அடுத்தது, அந்த உயரத்தில் திரியும் வேகமான எலக்ட்ரான்கள். படலத்தைத் துளைத்து வந்து எக்ஸ் கதிர்போல நடிக்கும். ஜன்னல் முன் நிலைகாந்தம் வைத்தால் திசை மாறிப் போய்விடும்.

கருவியின் முன்னுள்ள கதவை மூடி வைத்தும் சில நொடி எண்ணிக்கை எடுங்கள். அதைக் கழித்தால்தான் மிச்சம் வானத்தினுடையது.