கொழகொழத் தயிரும் குமிழிவிடும் கெஃபிரும்

வெயில் ஏற ஏறத் தயிர், மோர், கெஃபிர் (பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து திரண்ட குருணையைப் போட்டுப் புளிக்கவைக்கும் பால்) பற்றிய கேள்விகளும் ஏறுகின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கெஃபிர் குருணை வாங்கினேன். பாலில் 24 மணி நேரம் ஊற விடச் சொன்னார்கள். மறுநாள் பார்த்தால் மேலே கட்டி, கீழே தண்ணீர். கெட்டுவிட்டதா? (சென்னை)

கெடவில்லை, நேரம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். கெஃபிரின் சொந்த ஊர் காக்கசஸ் மலைப் பக்கம். அந்த 24 மணிக் கணக்கு இருபது, இருபத்திரண்டு டிகிரி வெப்பத்துக்குச் சொல்வது. சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறை சாதாரணமாகவே 33 டிகிரியைத் தொடும், அதில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இரட்டை வேகத்தில் வேலை பார்க்கும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி குருணை போதும். எட்டு மணி நேரம் ஆனதும் ஜாடியைச் சாய்த்துப் பாருங்கள்: பால் கண்ணாடியில் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கினால் வடிகட்டிவிடலாம். பிரிந்துபோனதையும் கலக்கிக் குடிக்கலாம், புளிப்பு தூக்கலாக இருக்கும். எனக்கு அது உப்பும் வறுத்த சீரகமும் போட்டால்தான் இறங்கும்.

மூடியை மட்டும் இறுக்காதீர்கள். ஈஸ்ட் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை அசட்டையாகத் திருகி வைத்துவிட்டு மறுநாள் திறந்தேன், பாதி கெஃபிர் கூரையில்.

கெஃபிரில் ஆல்கஹால் உண்டா?

கொஞ்சம் உண்டு. பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும், அதிக நேரம் விட்டால் கூடும். அறவே வேண்டாம் என்பவர்களுக்கு நம்ம மோர் இருக்கிறதே.

வீட்டுத் தயிர் நூல் நூலாக இழுக்கிறது, கொட்டிவிடலாமா? (கோவை)

வாசனையும் ருசியும் சரியாக இருந்தால் கொட்ட வேண்டாம். சில பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் சங்கிலி மாதிரி கோத்து வெளியே விடும், அந்தக் கொழகொழப்பு அதுதான். பின்லாந்தில் வீலி என்றொரு தயிர், அதை இழுபடுவதற்காகவே செய்கிறார்கள். நமக்குப் பிடிக்காது, சரி. உறைமோரை மாற்றுங்கள், நன்றாகத் தயிர் தோயும் வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவதே சுலபம். அப்புறம் பாலைக் கொதிக்கவைத்து, விரலை விட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக, சுமார் 40 டிகிரி இருக்கும்போது உறை ஊற்றுங்கள். ஆறிப்போன பாலில் ஊற்றிக் குளிரில் வைத்தால் இந்த இழுவை ரகங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் இளஞ்சிவப்பு நிறமோ பஞ்சு மாதிரி பூஞ்சையோ கண்டால், மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடும் வேலையே வேண்டாம். மொத்தமும் குப்பைக்கு.

மோர்க்குழம்பு குடலுக்கு நல்லதா?

ருசிக்கு நல்லது. கொதித்த பிறகு உயிருள்ள பாக்டீரியா எங்கே இருக்கும்?

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, மோர் ஒன்றும் செய்வதில்லை. ஏன்? (திருச்சி)

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை உங்களுக்குச் சரியாகச் செரிப்பதில்லை போலிருக்கிறது. தயிராகும்போது அதில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுகிறது, மீதியைச் செரிக்கவும் குடலில் கை கொடுக்கிறது. யோகர்ட் விஷயத்தில் இதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பே 2010இல் ஏற்றுக்கொண்டது, ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருந்தால் என்ற நிபந்தனையோடு. புளித்த பால் பற்றி நான் தயங்காமல் சொல்லக்கூடியது இதுதான். தோல் பளபளக்கும், தொப்பை கரையும் என்பதையெல்லாம் விற்பவர்களிடம் கேளுங்கள்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது மோர் குடிக்கலாமா?

குடிக்கலாம், மாத்திரையோடு சேர்த்து வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்றவற்றைப் பாலின் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் ஏறாது. எத்தனை மணி இடைவெளி என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வீட்டுக் கெஃபிரைத் தொட வேண்டாம்.

உறைமோரே கிடைக்காத ஊரில் இருக்கிறேன். மிளகாய்க் காம்பு வேலை செய்யுமா?

செய்யும். காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாதான் காரணம். ஏழெட்டுக் காம்பை வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடி, கதகதப்பான இடத்தில் ஓர் இரவு வையுங்கள். முதல் தயிர் நீர்த்தும் ஒரு மாதிரியாகவும் இருக்கும், அதைச் சாப்பிடாமல் அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றுங்கள், இரண்டாவது தேறிவிடும். காம்புகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.