பள்ளி வகுப்பறைகளில் காற்று சரியில்லை: ஏர் பியூரிஃபையர் வாங்கினால் தீருமா?

கேள்வி இதுதான்: சில வகுப்பறைகளில் மதியத்துக்குள் பிள்ளைகளுக்குத் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வருகின்றன, இரண்டு அறைகளில் பூஞ்சை வாடை அடிக்கிறது. அறைக்கு ஒரு ஏர் பியூரிஃபையர் வைத்தால் போதுமா?

போதாது. பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும். பிள்ளைகள் விட்ட மூச்சை அது வெளியேற்றாது, சுவரில் ஊறும் ஈரத்தைக் காயவைக்காது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் அதன் வேலைக்கு வெளியே இருப்பவை. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த அறை, எந்த நேரம், என்ன தொந்தரவு, ஜன்னல் திறந்திருந்ததா, மழை பெய்ததா என்று இரண்டு வாரம் ஆசிரியர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். இடைவேளை விட்டதும் தலைவலி குறைந்தால் காற்றோட்டக் குறை. விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும்போது வாடை தூக்கலாக இருந்தால் ஈரம், அல்லது புது மரச்சாமான்களில் இருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயன ஆவி. பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் வாசல் பக்கத்து அறைகளில் மட்டும் என்றால் வண்டிப் புகை.

காற்றோட்டத்தை அளக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று போதும். வாங்கும்போது உள்ளே இருப்பது என்டிஐஆர் சென்சார்தானா (அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளப்பது) என்று பாருங்கள். மலிவான கருவிகள் பல வேறு ஆவிகளை அளந்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டுபவை. ஸ்ப்ரே அடித்தாலே முள் எகிறும். அவற்றால் பயனில்லை. மீட்டரை முதலில் வெளியே வைத்தால் 420, 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) பக்கம் காட்ட வேண்டும். பிறகு அறையில், உட்கார்ந்த பிள்ளையின் மூக்கு உயரத்தில் (தரையிலிருந்து சுமார் 1 மீட்டர்), ஜன்னலுக்கு அருகிலோ யார் முகத்துக்கும் நேராகவோ இல்லாமல் வையுங்கள். சில கருவிகள் கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எண்ணித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடியே கிடக்கும் அறையில் நிரந்தரமாக வைத்தால் நாளாக ஆகக் குறைத்துக் காட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 சதுர மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், 30 பிள்ளைகள். ஒரு பிள்ளை மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும். 30 பேருக்கு 450 லிட்டர், அறையின் கொள்ளளவு 1,50,000 லிட்டர். எல்லாம் மூடியிருந்தால் மணிக்கு 3000 பிபிஎம், அதாவது 20 நிமிடத்துக்கு 1000 பிபிஎம் ஏறும். முதல் பாடவேளை முடிவதற்குள்ளேயே 2000-ஐத் தாண்டுவது இப்படித்தான். இந்த அளவில் அது நஞ்சல்ல. பணியிடங்களில் 8 மணி நேரத்துக்கு 5000 வரை அனுமதி உண்டு. ஆனால் பிறர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கிருமியும் வியர்வை வாடையும் அந்த மூச்சோடுதான் தேங்குகின்றன. வகுப்பு நேரத்தில் 1000-ஐ ஒட்டி நின்றால் நல்லது. நாள்தோறும் 1500-ஐத் தாண்டினால் கண்டிப்பாக வேலை இருக்கிறது.

மணிக்கு எத்தனை தடவை அறைக் காற்று மாறுகிறது என்றும் அதே மீட்டரால் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகள் வெளியேறியதும் ஜன்னல், ஃபேன், ஏசி எல்லாம் வகுப்பில் இருந்தபடியே விட்டுவிட்டு, யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க அளவிலிருந்து வெளிக்காற்றின் 420-ஐக் கழியுங்கள். அந்த மீதி 37 விழுக்காடாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறதோ, அந்த எண்ணால் 60-ஐ வகுங்கள். 1820-இல் தொடங்கினால் மீதி 1400, அதில் 37 விழுக்காடு 518. மீட்டர் 938-க்கு வர 30 நிமிடம் ஆனால், மணிக்கு 2 முறைதான் காற்று மாறுகிறது.

தேவை எவ்வளவு? அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 62.1 காற்றோட்டத் தரநிலை, 9 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களின் வகுப்பறைக்கு ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர், அதோடு சதுர மீட்டருக்கு 0.6 லிட்டர் வெளிக்காற்று கேட்கிறது. நம் அறைக்கு 180 லிட்டர், அதாவது மணிக்கு சுமார் 650 கன மீட்டர். மணிக்கு நான்கு முறைக்குச் சற்று மேல். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்து இரண்டையும் திறந்தால் இது எளிதாக வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால், கூரை உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் வரைதான் காற்று ஒழுங்காக எட்டும், பின்வரிசையில் தேங்கும். சீலிங் ஃபேன் இருக்கும் காற்றைக் கலக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது. ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். ஏசி போட்ட, சில்லென்ற அறையில்தான் பெரும்பாலும் அளவு மிக மோசமாக இருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். பெட்டியில் அச்சிட்டிருப்பது தடையே இல்லாத நிலையில் தள்ளும் அளவு. ஷட்டரும் வலையும் குழாயும் சேர்ந்தால் குறையும், எனவே தேவையைப் போல் ஒன்றரை மடங்கு எடுங்கள். இரண்டாவது, பலரும் விட்டுவிடுவது: வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். மணிக்கு 650 கன மீட்டருக்கு எதிர்ச்சுவரில் 60க்கு 30 சென்டிமீட்டர் திறப்பாவது தேவை. இல்லாவிட்டால் ஃபேன் கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்துக் காற்றை, கழிப்பறை பக்கத்தில் இருந்தால் அந்தக் காற்றையே இழுத்துக்கொண்டுவரும். வெளியில் புகையும் தூசியும் அதிகம் என்றால் வேறு வழி: மெர்வ் 13 ஃபில்டர் (நுண்தூசியையும் பிடிக்கும் தரம்) பூட்டிய ஃபேனால் காற்றை உள்ளே தள்ளுங்கள். காற்று எடுக்கும் வாய் ஜெனரேட்டர், வண்டி நிறுத்தம், சமையலறைப் புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து தள்ளி, உயரத்தில் இருக்கட்டும்.

இனி பூஞ்சை. இங்கே பெயின்ட் டப்பாவோடு யார் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கும் பெயின்ட் சில மாதங்களில் உரியும். மேல்தள விரிசல், அடைத்த மழைநீர்க் குழாய், சுவருக்குள் ஒழுகும் தண்ணீர்க் குழாய், வெளிச்சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண், ஏசியின் தண்ணீர்த் தட்டு, இந்த வரிசையில் தேடுங்கள். ஏசி அறையில் இன்னொரு காரணமும் உண்டு: தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பூஞ்சை பிடிப்பது அரிது.

ஈரத்தை நிறுத்திய பிறகே சுத்தம். 1 சதுர மீட்டருக்குள் இருந்தால் பள்ளி ஊழியரே செய்யலாம்: பிள்ளைகள் இல்லாத நாளில், என்95 முகமூடி, கையுறை, கண்ணாடி அணிந்து, உள்பக்கக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, ஏசியை நிறுத்தி மூடிவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து முழுக்கக் காயவைக்க வேண்டும். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்து உதறாதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பரவும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், அதனால் மருந்து அடித்துக் கொல்வது மட்டும் போதாது. பூஞ்சை ஊறிய ஜிப்சம் பலகை, அட்டைப் பெட்டி, கம்பளம் எல்லாம் குப்பைக்குத்தான். அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசி) அதிகம் என்றால் பியூரிஃபையருக்கு வேலை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். உள்ளே கூடுதல் என்றால் காரணம் அறைக்குள்தான். பெரும்பாலும் உலர்ந்த துடைப்பம். வகுப்பு முடிந்தபின் ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினாலே பெரிய மாற்றம் தெரியும். பியூரிஃபையர் வாங்கினால் சிஏடிஆர் எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பதைப் பாருங்கள்: 150 கன மீட்டர் அறையின் காற்றை மணிக்கு 5 முறை சுத்தம் செய்ய 750 வேண்டும். அந்த எண் முழு வேகத்தில் அளந்தது. முழு வேகத்தில் சத்தம் தாங்காமல் ஆசிரியர் அணைத்துவிடுவார், எனவே நடு வேகத்தில் 750 வரும்படி இரண்டாக வாங்குங்கள். பணம் இல்லையென்றால் 2020-இல் பரவலான, கையாலேயே செய்துகொள்ளும் கோர்சி ரோசன்தால் பெட்டி நல்ல மாற்று: நான்கு மெர்வ் 13 ஃபில்டர்கள், 20 அங்குலப் பெட்டி ஃபேன், அட்டை, டேப். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும், ஃபேன் வெளியே ஊத வேண்டும். ஓசோன், அயனி என்று விளம்பரப்படுத்தும் கருவிகளை வகுப்பறைக்குள் விடாதீர்கள். ஓசோனே நுரையீரலை உறுத்தும்.

சாக்கடை நாற்றம் வந்தால் பல நேரம் கோளாறு சின்னது: பயன்படுத்தாத கழிப்பறை, ஆய்வகத் தொட்டிகளின் டிராப்பில் (நாற்றம் மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு முறை அரை வாளி ஊற்றுங்கள், நீண்ட விடுமுறைக்கு முன் மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். பெயின்ட் அடிப்பது, புது பார்ட்டிகிள் போர்டு மேஜை இறக்குவது போன்றவற்றை விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடித்து, மீதி நாட்கள் ஜன்னல்களைத் திறந்தே விடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலோ அட்டையிலோ ஃபேனுக்காக ஓட்டை மட்டும் போடவேண்டாம், அதற்குத் தகுந்த ஆள் வர வேண்டும்.