ஒரே ஆளுக்கு மூன்று இறந்த தேதி: பழைய ஆங்கிலேய வம்சாவளியில் எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி இது: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலக்கிழார் ஒருவர் 1648 பிப்ரவரியில் இறந்தார் என்கிறது ஒரு வம்சாவளி. இன்னொன்று 1649 என்கிறது, மூன்றாவது 1650 என்கிறது. சொத்துக்கு வந்தவரை ஒன்று பேரன் என்கிறது, மற்றொன்று தம்பி மகன் என்கிறது. எப்படித் தீர்ப்பது?

முதலில், எந்தத் தேதியை அதிகம் பேர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒவ்வொரு தேதியும் எதற்கான தேதி, யார் சொன்னது, எப்போது எழுதியது என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் சொன்ன மூன்று ஆண்டுகளும் ஒரே பிப்ரவரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்றுதான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான நாட்களுக்குப் பழைய ஆண்டின் எண்ணே ஓடும். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது நம் கணக்கில் 1649 ஜனவரி 30. மரண உத்தரவில் இருக்கும் ஆண்டு 1648. ஆக 1648 மூலத்தில் இருப்பது, 1649 திருத்தியது. ஏற்கெனவே திருத்தியது தெரியாமல் இன்னொருவர் மறுபடி ஒன்றைக் கூட்டினால் 1650. இதனால்தான் 1648/9 என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள். மூலத்தில் உள்ளதை அழிக்காதீர்கள்.

இதைக் கண்டுகொள்ளாவிட்டால் உறவே கெட்டுப்போகும். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சுசானாவுக்கும் ஜான் ஹாலுக்கும் கல்யாணம் நடந்தது 1607 ஜூன் 5. அவர்கள் மகள் எலிசபெத்துக்கு ஞானஸ்நானம் பழைய கணக்கில் 1607 பிப்ரவரி 21. அப்படியே படித்தால் கல்யாணத்துக்கு மூன்றரை மாதம் முன்பே குழந்தை! நம் கணக்கில் அது 1608 பிப்ரவரி, கல்யாணமாகி எட்டரை மாதம்.

அடுத்தது, பாரிஷ் (ஊர் தேவாலயப்) பதிவேட்டில் இருப்பது அடக்கம் செய்த தேதி. இறந்த தேதி அல்ல. ஷேக்ஸ்பியருக்குப் பதிவேடு 1616 ஏப்ரல் 25 என்கிறது, தேவாலயச் சுவரில் உள்ள நினைவுச்சின்னம் ஏப்ரல் 23 என்கிறது. இரண்டும் சரி. பெரிய குடும்பங்களில் உடலைப் பதப்படுத்தி, வாரக்கணக்கில் வைத்திருந்து ஊரறிய அடக்கம் செய்ததும் உண்டு. அதே நினைவுச்சின்னத்தில் வயது 53 என்று லத்தீனில் இருக்கிறது. நம் ஊரில் '53 நடக்கிறது' என்போமே, அந்த அர்த்தத்தில். 1616இலிருந்து 53ஐக் கழித்தால் 1563 வரும். ஞானஸ்நானமோ 1564 ஏப்ரல் 26. நினைவுக்கல் பெரும்பாலும் சில வருடம் கழித்து வைப்பது என்பதையும் மறக்கவேண்டாம்.

உயிலில் மூன்று தேதிகள் குழம்பும்: எழுதிய நாள், இறந்த நாள், நீதிமன்றம் ஏற்ற நாள். முதலாவதில் ஆள் உயிரோடு இருக்கிறார், கடைசியில் இல்லை. அவ்வளவுதான் அவை சொல்வது. ஷேக்ஸ்பியர் உயிலுக்கு மார்ச் 25, ஜூன் 22 என்று இரண்டு எல்லை கிடைக்கிறது.

1640கள் வரை, அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஜூரி கூட்டி விசாரித்தார்கள். இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம் என்று பெயர். பிணப் பரிசோதனை அல்ல, நில விசாரணை. இறந்த நாள், வாரிசு, வாரிசின் வயது எல்லாம் இதில் கிடைக்கும். ஆனால் இரண்டு மாவட்ட ஜூரி இரண்டு தேதி சொல்வதுண்டு. விசாரணைக்கான ஆணை எந்த நாளில் பிறந்தது என்று பாருங்கள். அதற்குப் பிந்திய இறப்புத் தேதியைத் தள்ளிவிடலாம். வாரிசுக்கு '21 வயதும் அதற்கு மேலும்' என்றிருந்தால் மேஜர் ஆகிவிட்டார் என்பது மட்டுமே பொருள். ஆண்டு அரசரின் ஆட்சிக் கணக்கில் இருக்கும். இங்கேதான் பலர் சறுக்குவது. முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1558 நவம்பர் 17. ஐந்தாம் ஆட்சியாண்டு டிசம்பர் 10 என்றால் 1562. 1558ஓடு 5ஐக் கூட்டி 1563 என்று அச்சேறியிருந்தால் பிசகு அதுதான்.

இனி உறவு. அக்கால ஆங்கில உறவுச் சொற்களை இன்றைய அர்த்தத்தில் படிக்கவே கூடாது. ஷேக்ஸ்பியர் தன் உயிலில் அதே பேத்தி எலிசபெத்தை 'நீஸ்' (இன்று உடன்பிறந்தவரின் மகள்) என்றுதான் எழுதுகிறார். நெஃப்யூ (இன்று உடன்பிறந்தவரின் மகன்) என்பதும் அப்படித்தான், பேரனாகவும் இருக்கலாம். உங்கள் வழக்கில் பேரன், தம்பி மகன் இரண்டும் இந்த ஒரே சொல்லிலிருந்து கிளைத்திருக்கலாம். சன் இன் லா என்றால் மனைவியின் முதல் தாரத்து மகனாகவும் இருக்கும். தமிழில் மருமகன் என்றால் அக்காள் மகனா, மகள் புருஷனா என்று கேட்கவேண்டியிருக்கிறதே, அந்த மாதிரி. கசின் என்பது ஏதோ ஒரு சொந்தம், அவ்வளவே. 'மை நவ் வைஃப்' (இப்போதைய என் மனைவி) என்று கண்டதும் இரண்டாம் தாரம் என்று எழுதிவிடாதீர்கள். இனி ஒருத்தி வந்தால் அவளுக்கு இந்தப் பங்கு போகக்கூடாது என்பதற்கான வக்கீல் மொழி அது. ஜூனியர் என்பவர் மகனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஊரில் அதே பெயருள்ள இளையவர். மூத்தவர் போனதும் அவரே சீனியர் ஆகிவிடுவார்.

அண்ணன் தம்பிக்கே ஒரே பெயர் இருந்ததும் உண்டு. நார்ஃபோக் பாஸ்டன் குடும்பத்தில் அப்பா ஜான் இறந்தது 1466, மூத்த மகன் ஜான் 1479, அடுத்த மகனும் ஜான், 1504. மகன்கள் இருவருமே சர் பட்டம் பெற்றவர்கள். 1479, 1504 இரண்டையும் ஒரே ஆளின் முரண்பட்ட தேதி என்று எடுத்து ஒன்றை அடித்தால் ஒரு மனிதரே காணாமல் போவார்.

சொல் கைகொடுக்காதபோது நிலத்தைப் பாருங்கள். மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. மாற்றாந்தாய் மகனுக்கு அண்ணன் நிலம் வாரிசுரிமையில் போகாது. 1833 சட்டம் வரும்வரை இந்தத் தடை இருந்தது. ஆண் வாரிசுக்கு மட்டுமே என்று எழுதிவைக்காத நிலத்தில், தம்பி உயிரோடு இருக்க தங்கைக்கு அது போயிருந்தால், அந்தத் தம்பி வேறு தாய் வயிற்றுப் பிள்ளையா என்று தேடுங்கள். ஹெரால்டுகள் (குலச்சின்னங்களைக் கவனித்த அரச அதிகாரிகள்) 1530 முதல் 1688 வரை ஊர் ஊராகப் போய்க் குடும்பத்தார் வாயைக் கேட்டு எழுதிய விசிட்டேஷன் வம்சாவளிகளில், சொன்னவரின் தலைமுறையையும் அவர் பெற்றோரையும் நம்பலாம். தாத்தாவுக்கு மேலே போகப்போகச் சந்தேகப்படுங்கள். அச்சுப் பிரதிகளில் பிற்காலத்தார் சேர்த்த வரிகளும் கலந்திருக்கும்.

கடைசியில், உயிரோடு இருந்ததற்கான பிந்திய சான்று ஒன்று, இறந்துவிட்டதற்கான முந்திய சான்று ஒன்று, இரண்டையும் வைத்து இடைவெளியைச் சுருக்குங்கள். அதற்குமேல் சுருங்காவிட்டால் '1648 டிசம்பர் 4க்கும் 1648/9 மார்ச் 2க்கும் இடையில்' என்கிற மாதிரி எழுதி, ஒதுக்கிய தேதியையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.