இன்னாசியின் தட்டு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நல்ல நாச்சோஸ் (சீஸ் போட்ட சோளச் சிப்ஸ்) கிடைக்கும் மெக்சிக்கன் உணவகம் ஒன்றைச் சொல்வீர்களா? மூன்று கடைகளில் சாப்பிட்டேன். மூன்றிலும் ஊறித் தொய்ந்துதான் வந்தது. படங்களை இணைத்திருக்கிறேன். ரொறன்ரோவில் சாப்பிட்டதன் கால் தூசிக்கும் காணாது. இதெல்லாம் நம்மூருக்குச் சரிவராதா?
— விடுமுறையில் வந்திருக்கும் வாசகர், கொக்குவில்

பதில்: மெக்சிக்கன் உணவகம் என்று நீங்கள் சொல்வது, சுவரில் கள்ளிச்செடியும் அகன்ற தொப்பியும் வரைந்து வைத்திருக்கும் பர்கர் கடையைத்தானே? அப்படி ஒன்றில் நானும் அகப்பட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். பைக்கற்றிலிருந்து கொட்டிய சிப்ஸ், அதன்மேல் மயோனைஸ், அதன்மேல் தக்காளி சோஸ், உச்சியில் கொத்து ரொட்டிக்குப் போட்டு மிஞ்சிய கோழி. நடுவிலிருந்து ஒன்றை இழுத்தேன். நனைந்த கடதாசிபோல் வளைந்து மடியில் விழுந்தது. அன்று நான் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி.

ஆகவே உங்கள் துக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ‘நம்மூருக்குச் சரிவராதா’ என்பதை விழுங்க முடியவில்லை. திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் பருத்தித்துறை வடையை அடுக்கத்தானே போகிறீர்கள்? மொறுமொறுப்பைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாச்சோ என்பது இக்னாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் அதே பெயர்தான் இன்னாசி. 1940களில், டெக்சாஸ் எல்லையை ஒட்டிய பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிக்க நகரில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சில பெண்கள் சாப்பிட வந்தார்கள். சமையற்காரரைக் காணவில்லை. உபசரிப்பில் நின்ற இக்னாசியோ அனாயா, பொரித்த சோள ரொட்டித் துண்டுகளில் சீஸைத் தூவி, ஊறுகாய் மிளகாய் வளையங்களை வைத்துச் சூடுகாட்டிக் கொடுத்தார். துண்டுக்குத் துண்டு அதனதன் சீஸ், அதனதன் மிளகாய். குவியல் கிடையாது. சீஸ் குழம்பை ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் 1976இல் டெக்சாஸ் பேஸ்போல் மைதானம் ஒன்றிலிருந்து பரவியது. ரொறன்ரோவில் நீங்கள் சாப்பிட்டது இன்னாசியின் தட்டா, மைதானத்தின் தட்டா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குவித்தால் ஊறும். மேலே உள்ள ஈரமும் உள்ளே அடைபட்ட ஆவியும் அடியில் கிடப்பதை அவித்துவிடும். அதனால் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். சிப்ஸை இங்கேயே பொரிக்கிறீர்களா, எந்த மாவில் என்று கேளுங்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவைத்து, தோல் போகக் கழுவி அரைத்த மாவில்தான் அந்த ரொட்டிக்கு மணமும் பிடிப்பும் வரும். சுண்ணாம்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே பொருள்தான். சூப் தடிப்பதற்குக் கரைக்கும் கோர்ன் ஃபிளவரை எடுத்துக் காட்டினால் வாதாடாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். மிளகாய்க்கு மட்டும் இங்கே குறையில்லை. மெக்சிக்கோ மண்ணில் பயிராகிப் போர்த்துக்கேயரோடு கப்பலேறி வந்ததுதானே நம் மிளகாயும்.

இத்தனை பரீட்சையிலும் தேறிய தட்டு ஒன்று எனக்குத் தெரியும். நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ஒரு நண்பரின் வீட்டில். மருமகள் பொரிக்கிறாள். விலைக்குக் கிடையாது.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படங்கள். தட்டுக்கு ஐந்தாறு வீதம், மேலிருந்து, பக்கத்திலிருந்து, தட்டோடு உங்கள் முகம் தெரிய என்று பதினேழு படங்கள். நாச்சோஸின் ஆயுள் பத்து நிமிடம். பதினான்காவது படத்தில் சீஸ் உறைந்து வெளுத்துவிட்டது; அதில் இன்னும் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.