விடுதிக்காரருக்கு நள்ளிரவு மெசேஜ்

கேள்வி: உப்புவெளியில் ஒரு சின்ன விடுதிக்குப் பெர்ல் என்ற நிரல்மொழியில் புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டெஸ்ட் ஓட்டினால் உண்மையான விருந்தினருக்கே எஸ்.எம்.எஸ். போய்விடுகிறது. அனுப்பும் ஃபங்ஷனுக்குப் பதிலாக ஒரு போலியை வைத்தேன். இப்போது அதே கோப்பில் கீழே உள்ள, நிஜ ஃபங்ஷனைச் சோதிக்கும் டெஸ்ட்கள் எல்லாம் தோற்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: போலியை வைத்தது சரி, எடுக்காமல் விட்டதுதான் சிக்கல். வெறும் சமக்குறி போட்டு மாற்றினால் புரோகிராம் முடியும்வரை போலிதான் இருக்கும். சுருள் அடைப்புக்குறிக்குள் ஒரு பிளாக் திறந்து, 'லோக்கல்' என்று தொடங்கி, நட்சத்திரக் குறியோடு பாக்கேஜ் (ஃபங்ஷன்களைத் தொகுத்து வைக்கும் பெயர்வெளி) பெயரும் ஃபங்ஷன் பெயரும் எழுதி, சமக்குறிக்குப் பின் உங்கள் 'சப்'பை, அதாவது போலி ஃபங்ஷனைப் போடுங்கள். பிளாக் முடிந்ததும் பழையது தானாகத் திரும்பிவிடும். நடுவில் பிழை வந்து 'டை' ஆகி வெளியே வந்தாலும் திரும்பும். கையால் சேமித்துக் கையால் திருப்பிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபங்ஷனை மறுபடி வரையறுக்கிறீர்கள் என்னும் 'ரீடிஃபைன்' எச்சரிக்கை வந்தால் அந்த பிளாக்குக்குள் மட்டும் அணையுங்கள், கோப்பு முழுக்க வேண்டாம்.

இன்னொரு குழி இருக்கிறது, நானே இரண்டு நாள் அதில் கிடந்தேன். உங்கள் புக்கிங் மொட்யூல் அந்த ஃபங்ஷனை 'யூஸ்' மூலம் இம்போர்ட் செய்திருந்தால், எஸ்.எம்.எஸ். பாக்கேஜில் நீங்கள் என்ன மாற்றினாலும் நிஜ மெசேஜ் போய்க்கொண்டே இருக்கும். இம்போர்ட் நடந்த நேரத்தில் புக்கிங் பாக்கேஜுக்குள் அதே பெயரில் தனியாக ஒரு பதிவு விழுந்துவிட்டது. நண்பர் போன் நம்பரை மாற்றினாலும் உங்கள் கொப்பியில் பழைய நம்பர்தானே இருக்கும்? ஆகவே ஃபங்ஷன் பிறந்த இடத்தில் அல்ல, அதைக் கூப்பிடுகிற பாக்கேஜின் பெயரில் போலியை வையுங்கள்.

நட்சத்திரக் குறி கண்ணை உறுத்தினால், பெர்ல் மொட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சீபானில், போலி வைப்பதற்கென்றே 'டெஸ்ட் மாக்மொட்யூல்' இருக்கிறது. அது தரும் ஆப்ஜெக்டை ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியோடு ஆப்ஜெக்ட் அழிந்து போலியும் போய்விடும். இம்போர்ட் சங்கதி அதற்கும் பொருந்தும்.

சும்மா 1 திருப்பித் தருகிற போலி எழுதாதீர்கள். வந்த நம்பரையும் வாசகத்தையும் ஓர் அர்ரேயில் (பட்டியலில்) தள்ளச் சொல்லுங்கள், யாருக்கு என்ன போயிருக்கும் என்று அப்புறம் சோதிக்கலாம். அதற்கு முன் இன்றைக்கே டெஸ்ட் டேட்டாவில் உள்ள விருந்தினர் நம்பர்களை அழித்து உங்கள் நம்பரைப் போடுங்கள். மறுபடி பிசகினால் ராத்திரியில் எழும்புவது நீங்களாகவே இருக்கட்டும்.